மாங்காய்ப் பூசணமும் பதினோராம் நம்பர் மாப்பிள்ளையும்

எனக்குப் பூசணத்தோடுதான் பிழைப்பு. ஊறுகாய் ஜாடியில் பூத்தால் மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வழித்து எறிவார்கள். நான் அதை எடுத்துத் தட்டில் வைத்து, தீனி போட்டு வளர்த்து, அதற்கு என்ன பெயர் என்று கண்டுபிடித்துச் சொல்வேன். அதற்குத்தான் சம்பளம். ராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு கம்பெனியின் லேபில் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஒரு டவுன் பஸ்.

பெயர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஆனால் இதில் ஒருவர் பெயரும் வராது. சிரிக்காதீர்கள். ஒரு பெயரால் எங்கள் வீடு பட்டபாடு போதும், அதை அச்சில் வேறு ஏற்றவேண்டாம் என்று வீட்டில் உத்தரவு.

பஞ்சைத் தின்னும் பூசணங்களில் பெரும்பாலானவை பைப்பூஞ்சைகள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடி மாதிரி ஒரு நீளப் பை, அதற்குள் எட்டு வித்து. பட்டாணிக் காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. நாலும் இருக்கலாம், நூறும் இருக்கலாம், ஆனால் வழக்கம் எட்டுதான். பன்னை உப்பவைக்கும் ஈஸ்ட், பென்சிலின் கொடுத்த பச்சைப் பூசணம், பழைய புத்தகத்தை அரிப்பது, மாங்காயில் கரும்புள்ளி வைப்பது எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். பைகள் எதற்குள் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் முன்பெல்லாம் வகை பிரித்தார்கள். கிண்ணத்தில் இருந்தால் ஒரு கூட்டம், வாயுள்ள குடுவைக்குள் இருந்தால் ஒரு கூட்டம், வாயே இல்லாத உருண்டைக்குள் அடைந்து கிடந்தால் இன்னொரு கூட்டம். இப்போது டி.என்.ஏ. பார்க்கிறேன் என்று வந்து பாதியைக் கலைத்துப் போட்டுவிட்டார்கள்.

இந்தப் பூஞ்சைகளுக்கு இரண்டு வாழ்க்கை. துணை எதுவும் தேடாமல் தானே வித்து உதிர்த்துப் பெருகுவது ஒன்று. பக்குவம் வந்ததும் கலந்து பை வைப்பது இன்னொன்று. முதல் உருவத்துக்கும் இரண்டாவது உருவத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் ஒரே பூஞ்சையை ஒருவர் இங்கே பார்த்து ஒரு பெயர் வைத்தார், இன்னொருவர் அங்கே பார்த்து வேறு பெயர் வைத்தார். இரண்டையும் இரண்டு வகையில் சேர்த்து, இரண்டு பெயரும் செல்லும் என்று சட்டமும் போட்டு, நெடுங்காலம் ஓட்டினார்கள். பை வைத்து யாரும் பார்த்திராத பூஞ்சைகளை மட்டும் தனியாக ஒரு டிராயரில் போட்டு, குறைப்பூஞ்சைகள் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். ஜோடி சேராததால் குறையாம்! எம்.எஸ்ஸி. படிக்கும்போது இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. முப்பது நெருங்கும்போது எங்கள் தெருவும் என்னைத் தூக்கி அந்த டிராயரில்தான் போட்டது.

பெயர் வந்த கதைகள் என்றால் எனக்கு உயிர். ஆஸ்பெர்ஜில்லஸ் என்று ஒன்று உண்டு. அதற்குப் பெயர் வைத்தவர் ஒரு பாதிரியார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறார், கோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவி மாதிரி தெரிந்திருக்கிறது, அந்தப் பெயரையே வைத்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர் யாராவது பார்த்திருந்தால் பன்னீர்ச்செம்பு என்று வைத்திருப்பார். மாங்காயில் புள்ளி வைக்கும் பூசணத்துக்கு ஒரு பெயர் கொலிடோட்ரைக்கம், ஒட்டிய மயிர் என்று அர்த்தம். அதே பூசணம் பை வைத்தால் குளோமெரெல்லா, அதாவது சின்ன நூல்கண்டு. ராஜபாளையத்து மில்காரர்கள் வைத்த பெயர் மாதிரி இருக்கிறது அல்லவா?

மனிதர்களுக்கும் எங்கள் பக்கத்தில் இதே கதைதான். வீட்டில் சாமி பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் இன்னொன்று. எங்கள் ஊர்த் தேரோட்டக் கூட்டத்தில் நின்று கோயில் தாயார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஏழெட்டுப் பெண்களாவது திரும்புவார்கள். அதில் நானும் ஒருத்தி. சம்பள ரசீதில் என் பெயர் வேறு.

என் அப்பா போலீஸில் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ரிட்டையரானவர். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதையும் அவர் ஸ்டேஷன் வேலையாகத்தான் செய்தார். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. வரன் ஒவ்வொன்றுக்கும் வரிசை நம்பர், பெயர், ஊர், தொழில், யார் மூலம் வந்தது, என்ன முடிவு, முடிவுக்குக் காரணம். காரணக் கட்டத்தில் சிவப்பு மை. 'பெண் விரும்பவில்லை' என்று அதில் நாலு இடத்தில் இருக்கும். நான்காவது ஆளிடம் நான் கேட்டது, "ஏங்க, நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னா நீங்க எதுக்குப் போறீங்க?" என்பதுதான். அதற்கே எழுந்து போய்விட்டார்கள்.

பதினோராம் நம்பர் வந்தது ஒரு தரகர் மூலம். போனில் ஒரு பயோடேட்டா, மங்கலாக ஒரு ஸ்டுடியோ போட்டோ. சேத்தூர்ப் பக்கத்துக்காரர், ராஜபாளையத்தில் ஓர் உரக்கம்பெனியில் வேலை. ஜாதகம் கையில் இல்லை, பிறகு தருகிறோம் என்றார்கள். ஜாதகம் இல்லாதபோது பெயரை வைத்துப் பொருத்தம் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெயரின் முதல் எழுத்துக்கு என்ன நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். ஜோசியர் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூட ஒட்டவில்லை என்றார். அப்பா சிவப்பு மையில் 'பெயர்ப் பொருத்தம் இல்லை' என்று எழுதி மூடிவிட்டார். நான் அந்தப் போட்டோவைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. போட்டோவில் மீசை மட்டும்தான் தெரிந்தது.

அது முடிந்து ஒரு வருடம் கழித்து, மாசி மாதம், என் லேபுக்கு ஒரு மஞ்சப்பை வந்தது.

என் மேஜை எப்பேர்ப்பட்ட மேஜை என்று சொல்லவேண்டும். காஸ் துணியில் உயிருள்ள வித்து ஒன்றுகூட இல்லை என்று பார்த்துச் சான்று எழுதுகிற மேஜை. அங்கே நான் தும்முவதற்குக்கூட வெளியே ஓடுவேன். அப்படிப்பட்ட இடத்துக்குள், மேனேஜருக்கு மாங்காய் கொண்டுவந்திருக்கிறார் போல என்று நினைத்து வாட்ச்மேன் ஒரு ஆளை உள்ளே விட்டுவிட்டார். அவர் நேரே வந்து, என் மேஜைமேல் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். கறுத்துப்போன மாம்பூக் கொத்து, புள்ளி விழுந்த இலை, வதங்கின பிஞ்சு. ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கில் வித்து. அடியாத்தி! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"வெளிய போங்க மொதல்ல! இது என்ன மார்க்கெட்டா? மனுசன் காயத்துக்குக் கட்டுத துணி இது. ஒங்க மாங்காய்க்கெல்லாம் இங்க கட்டுப் போட முடியாது!"

அந்த ஆள் கோபப்படவே இல்லை. "கட்டெல்லாம் வேண்டாம் மேடம்" என்றார். "என்ன நோவுன்னு சொன்னாப் போதும். தேவதானத்துல எங்க தோப்பே கறுத்துப் போவுது. பூசணத்துக்குப் பேரு வைக்கிற மேடம் ஒருத்தவிய இங்க இருக்காவன்னு சொன்னாங்க."

அன்று முழுக்க நான் மேஜையைத் துடைத்தேன். வைத்திருந்த சோதனை அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே செய்தேன். ஆனாலும் 'பேரு வைக்கிற மேடம்' என்றது காதிலேயே நின்றது. அடுத்த வாரம் அவர் கேட்டுக்கு வெளியே நல்ல பிள்ளையாக நின்றார், பிளாஸ்டிக் கவரில் மூன்று இலையோடு. பூசண அடையாளம் பார்க்க எனக்குத் தனியாக ஒரு சின்ன அறை உண்டு. வாங்கி அங்கே கொண்டுபோனேன். லேபிளில் எழுத, பேரு என்ன என்று கேட்டேன். மலைப் பெருமாள் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். மலை என்றால் எங்கள் ஊரை ஒட்டிய பெருமாள் மலை; அதற்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர், தீபத் திருவண்ணாமலை வேறு. புரட்டாசிச் சனிக்கிழமை நடக்க இடம் இருக்காது.

தட்டில் வெள்ளையாகப் படர்ந்து, சாம்பலாகி, பத்தாம் நாள் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாகக் கசிந்தது. கொலிடோட்ரைக்கம். சந்தேகமே இல்லை. காய்ந்த குச்சியெல்லாம் வெட்டி எரிங்க, விழுந்த இலையைத் தோப்பில் விடாதீங்க, பூ எடுக்கும் முன்னாலேயே மருந்து அடிங்க என்று எழுதிக் கொடுத்தேன். வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் தட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கடுகு மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஒன்றை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். குடுவை உடைந்து பை பையாக வந்து விழுந்தது. மாங்காய்ப் பூசணம் பை வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. துள்ளிக் குதித்துவிட்டேன். யாரிடமாவது காட்டியாகவேண்டும். அவருக்குத்தான் போன் செய்தேன்.

உரம் இறக்கிய சட்டையோடு ஓடிவந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எட்டுப் பேரு பஸ்ஸுக்கு வரிசையில நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு எவர் வரிசையில் நின்றிருக்கிறார்?

இதற்கு இரண்டு பெயர் இருந்தது, சில வருடங்களுக்கு முன் உலகத்துப் பூஞ்சைக்காரர்கள் எல்லாம் கூடி ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்தான் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"எனக்குந்தான் ரெண்டு" என்றார்.

மடச்சி, அந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு பெயர் இல்லாதவர் யார் என்று விட்டுவிட்டேன். வெளியூர்க்காரி யாராவது இருந்திருந்தால் இன்னொன்று என்ன என்று கட்டாயம் கேட்டிருப்பாள்.

அடுத்த சீசனில் ஒரே ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. அதற்குள் அந்த வருடம் முழுக்க அவர் எதற்கெல்லாமோ வந்து போயிருந்தார். கொய்யா இலை, தென்னங்குருத்து, கடைசியில் வீட்டு மிளகாய்ச் செடி. மிளகாய்ச் செடிக்கு ஒரு நோவும் இல்லை. அதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"அம்மாவ ஒங்க வீட்டுல வந்து பேசச் சொல்லவா?" என்றார்.

"சொல்லுங்க. ஆனா எங்கப்பா போலீஸு."

"நான் மாங்காதான கொண்டாந்தேன், கஞ்சாவா?"

பஸ்ஸில் வீடு வரும்வரை நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். எனக்கு அவர் வேண்டும், வேறு எவரும் வேண்டாம் என்பது அன்றைக்கு அந்த பஸ்ஸில் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அவர் அம்மா ஜாதகத்தைக் கொடுத்தனுப்பினார். அப்பா இல்லாத பிள்ளை, தாய்தான் தோப்பையும் பார்த்து அவரையும் ஆளாக்கியது. ஜாதகத்தின் தலைப்பில் பெருமாள் பெயர். அதே ஜோசியர் கட்டத்தைப் பார்த்து, பத்துக்கு எட்டுப் பொருத்தம், இப்படி ஒட்டி நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா நோட்டில் பதினேழாம் நம்பர் என்று போட்டு, முதல் தடவையாக நீல மையில் எழுதினார். அம்மா அன்றைக்குப் பால்கோவா வாங்கி வரச் சொன்னாள். பால்கோவா ஊரில் இருந்துகொண்டு எங்கள் வீட்டில் அது வாங்குவது விருந்தாளிக்கு மட்டும்தான்.

எல்லாம் சரியாகத்தான் போனது, அப்பா ஆதார் காப்பி கேட்கும்வரை. போலீஸ் புத்தி. மாப்பிள்ளை போனில் அனுப்பினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு எழுந்து போய் நோட்டை எடுத்துவந்து பின்னால் புரட்டினார். பதினோராம் நம்பரில் விரல் நின்றது.

"ஏட்டி, இது ஆள் மாறாட்டம்!"

ஆதாரில் இருந்தது மாப்பிள்ளையின் தாத்தா பெயர், பதினோராம் நம்பரில் எழுதியிருந்த அதே பெயர். அதே சேத்தூர்ப் பக்கம், அதே மீசை. இரண்டு வருடம் முன்பு வேண்டாம் என்று நாங்கள் தள்ளிய ஆள்தான் நான் வேண்டும் என்று நின்ற ஆள். அவருக்கும் இது தெரியாது. ஏதோ ஓர் இடம், பேர் ஒட்டவில்லை என்று விட்டார்கள், எந்த ஊர் என்றுகூடத் தரகர் சொல்லவில்லை என்று போனில் என்னிடம் பதறினார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பா முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"ஒருக்கா தட்டிக் கழிச்ச எடத்தத் திரும்ப எடுக்கக் கூடாது" என்றார் அப்பா. ஜோசியரிடம் ஓடினார். ஜோசியர் சாமர்த்தியக்காரர். ஜாதகமும் சரி, பெயரும் சரி, இரண்டு கணக்கிலும் தப்பில்லை என்றார். மாப்பிள்ளைக்கு உண்மையான பெயர் எது என்று முடிவு பண்ணுங்கள், தாத்தா பெயர்தான் என்றால் வேண்டாம், பெருமாள் பெயர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள் என்று பந்தை எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்பா பிடிவாதம் ஊரறிந்தது. என் பிடிவாதம் அங்கிருந்து வந்ததுதான். பத்து நாள் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் அழுகிற ஆள் இல்லை. ஆனால் லேபில் தட்டுகளை அடுக்கும்போது இரண்டு தடவை அழுதேன். அப்போதுதான், அவ்வப்போது புதுத் தீனிக்கு மாற்றி நான் காப்பாற்றி வைத்திருந்த அந்த மாங்காய்த் தட்டுகள், ஆரஞ்சு ஒன்று, கறுப்பு ஒன்று, கண்ணில் பட்டன.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜரிடம் அனுமதி வாங்கி அப்பாவை லேபுக்குக் கூட்டிப்போனேன். கேஸ் ஒன்று இருக்கிறது, உங்களால்தான் முடியும் என்று சொன்னதும் வந்துவிட்டார். ஆரஞ்சுத் தட்டையும் கறுப்புத் தட்டையும் காட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு ஒண்ணும் தெரியலையே என்றார். பிறகு வித்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"ரெண்டும் வேற வேற ஆளு" என்றார்.

"ஒரே ஆளுதான்பா. ஒரே எலையில இருந்து நாந்தான் வளத்தேன். ஒருத்தரு இப்படிப் பாத்து ஒரு பேரு வச்சாரு, இன்னொருத்தரு அப்படிப் பாத்து ஒரு பேரு வச்சாரு."

அப்பா நிமிர்ந்தார். கண்ணில் பழைய ரைட்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஒரே குத்தத்துக்கு ரெண்டு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கானுவ. அது செல்லாதே. மொத எஃப்.ஐ.ஆர்.தான் நிக்கும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எங்கள் பூஞ்சைச் சட்டமும் அதேதான். இரண்டு பெயர் வந்து மோதினால், முதலில் வைத்த பெயருக்குத்தான் முதல் உரிமை. அதைச் சொன்னேன். அப்பா தாடையைத் தடவினார்.

"சரி. அந்தப் பையனுக்கு மொதல்ல வச்ச பேரு எதுன்னு கேளு. பெருமாள் பேருன்னா நான் குறுக்க நிக்கல."

எல்லா வீட்டிலும் சாமி பெயர்தான் முதலில். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதுதான் இன்னொன்று வரும். ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அன்று அப்பாவுக்கு வழியில் பரோட்டா எல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனும் கூட வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்பா விசாரணையை ஆரம்பித்தார்.

"ஏம்மா, தம்பிக்கு மொதல்ல வச்ச பேரு எது?"

அந்த அம்மாள் ஒரு நிமிடம் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன சொன்னால் கல்யாணம் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மகன் சொல்லித்தான் கூட்டி வந்திருப்பார்.

"பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. மொதல்ல வச்சது எங்க மாமனார் பேருதான். பதினாறாம் நாளு, சொந்தக்காரவிய எல்லாரும் கூடி இருக்கையில, பிள்ள காதுல அவிய பேரத்தான் சொன்னாங்க."

 மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா மாமனார் பேர நான் எப்படிச் சொல்லுவேன்? பிள்ளையத் தூக்கிட்டு உள்ள போனேன், அழுதான். என்னன்னு சொல்லிக் கூப்பிட? எங்க மலைப் பெருமாள் பேரச் சொன்னேன், அழுகைய நிப்பாட்டிட்டான். அன்னிக்கிருந்து அதான். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பேரு கேட்டாரு, எனக்கு வாயி வரல. பக்கத்துல நின்ன பொம்பளயக் காட்டி, இவியளச் சொல்லச் சொல்லுங்கன்னேன். மாமனார் போய்ச் சேந்து எம்புட்டோ வருசமாச்சு, இன்னும் எனக்கு அந்தப் பேரு வாயில வராது. வீட்டுலயும் சரி, தோப்புலயும் சரி, ஒருத்தரும் அவன அப்படிக் கூப்பிட்டதில்ல."

"அப்பா!" என்று பாய்ந்தேன். "எங்க சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு. மொதல்ல வச்ச பேராவே இருந்தாலும், அத யாரும் புழங்கல, இன்னொண்ணத்தான் எல்லாரும் புழங்குதாங்கன்னா, கமிட்டியில வச்சுப் புழங்குத பேரையே நிலைக்க வச்சிருவாங்க."

"அதெல்லாம் ஒங்க லேபுல" என்றார் அப்பா. "ரெக்கார்டுல மொதல்ல எது இருக்கோ அதான் பேரு. பேரு ஒட்டல, அம்புட்டுதான். மன்னிச்சுக்கிடணும்மா."

"கூப்பிடாத பேரு என்னப்பா பேரு?"

"கூப்பிட்டாத்தான் பேரா?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வீட்டுல முப்பத்தஞ்சு வருசமா ஒங்கம்மா எம்பேர ஒருக்காச் சொல்லியிருக்காளா? 'இந்தாருங்க', 'என்னங்க', 'ஏட்டி, ஒங்கப்பாவக் கூப்பிடு'. ஆஸ்பத்திரியில பேரு கேட்டாக்கூட ரேசன் கார்டத்தான் நீட்டுவா. அதுக்காக எனக்குப் பேரே இல்லன்னு ஆயிருமா?"

அம்மா சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அதுவரை அவள் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தட்டை டிவி மேஜைமேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். நேரே அப்பாவைப் பார்த்து, அவர் பெயரைச் சொன்னாள்.

முழுப் பெயரையும் சொன்னாள். இனிஷியலோடு.

 மாப்பிள்ளையின் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் பிறந்ததிலிருந்து அந்தப் பெயரை அந்தக் குரலில் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. அம்மாவுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"பிள்ள ஆசைப்படுது" என்றாள். "அந்த மதினி பொய் சொல்லியிருக்கலாம், சொல்லல. இதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்கணும் ஒங்களுக்கு?"

 அப்பா நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் நான் என்றைக்கும் பார்த்திராத ஒரு சிரிப்பு, புது மாப்பிள்ளைச் சிரிப்பு, மெதுவாக வந்தது.

"எம்பேரு இம்புட்டு நல்லாருக்குமா?" என்றார். பிறகு, நாங்கள் இத்தனை பேர் இருப்பதையே மறந்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லேன்" என்றார்.

"கல்யாணத்துக்கு நாளக் குறிங்க" என்றாள் அம்மா. "பொறவு சொல்லுதேன்."

அப்பா எழுந்துபோய் ஆணியில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார்.